ரேம் மிச்சம் இருக்கும்போதே பிரவுசர் "மெமரி இல்லை" என்கிறதா?

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, நாலு டேப்தான் திறந்திருக்கேன், ஆனாலும் க்ரோம் போயிடுது." கல்லூரி விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய நேரத்தில் பக்கம் காணாமல் போய், "அவுட் ஆஃப் மெமரி" என்று வந்து நிற்கிறது. அப்படி மூன்று முறை. கடையில் காட்டியதற்கு ரேம் போடணும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் பார்த்தபோது 8 ஜிபி ரேமில் 65 சதவீதம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் பணம் செலவழிக்கும் முன் எது நிரம்பியது என்று பாருங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. எல்லோரும் மேலே ஓடும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள், ஆனால் நமக்கு வேண்டியது கீழே சின்னதாக இருக்கும் "கமிட்டெட்" என்ற வரி. அவளுடையதில் 11.7/11.9 ஜிபி என்று இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான் இது. சீட்டில் ஆள் இல்லை, ஆனாலும் நீங்கள் உட்கார முடியாது. புரோகிராம்கள் உண்மையில் பயன்படுத்துவதைவிட அதிகமாகவே மெமரியைக் கேட்டுப் பிடித்து வைக்கின்றன, ரேமும், ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கி வைக்கும் பேஜிங் ஃபைலும் சேர்ந்ததுதான் மொத்த இடம், அது தீர்ந்ததும் அடுத்துக் கேட்கிற டேபுக்கு விண்டோஸ் இல்லை என்று சொல்லிவிடும், டேப் விழுந்துவிடும்.

அவளுடைய சி டிரைவில் மிச்சம் 900 எம்பிகூட இல்லை, பேஜிங் ஃபைல் பெரிதாக இடமே இல்லை. டவுன்லோட்ஸில் கிடந்த வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்தோம், அவ்வளவுதான். உங்களுக்கு டிஸ்க்கில் இடம் இருந்தும் இப்படி ஆனால், எஸ்எஸ்டி வகை டிஸ்க் தேயும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பேஜிங் ஃபைலை அணைத்து வைத்திருக்கலாம். ஸ்டார்ட்டில் "அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்" என்று தேடுங்கள். பெர்ஃபார்மன்ஸுக்குக் கீழே செட்டிங்ஸ், அப்புறம் அட்வான்ஸ்டு, அதில் வர்ச்சுவல் மெமரி. "ஆட்டோமேட்டிகலி மேனேஜ்" என்று தொடங்கும் பெட்டியை டிக் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். தயவுசெய்து அதை மறுபடி அணைக்காதீர்கள்.

சரி, கமிட்டெட் நன்றாகத்தான் இருக்கிறது, அல்லது எவ்வளவு இடம் கொடுத்தாலும் நிரம்பிக்கொண்டே போகிறது என்றால், பிரவுசருக்குள் யாரோ தின்கிறார்கள். க்ரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் பெருந்தீனிக்காரர் மேலே வந்துவிடுவார். பத்து நிமிடம் திறந்தே வைத்து எந்த எண் இறங்காமல் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று கவனியுங்கள், ஏனென்றால் ஒரு டேப் 600 எம்பி பிடிப்பது தவறில்லை, சும்மா இருக்கும்போதும் ஏறினால்தான் கசிவு. பல நேரம் அது டேபாக இருக்காது, "எக்ஸ்டென்ஷன்" என்று பெயர் போட்டிருக்கும், அதாவது பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்த்த குட்டி புரோகிராம். விளம்பரம் தடுக்க இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் வையுங்கள். இன்காக்னிட்டோ என்ற தனி விண்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் தானாக ஓடாது என்பதால், அங்கே அதே தளம் விழாமல் ஓடினால் சந்தேகம் உறுதி.

க்ரோம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரி சேவர் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். தொடாத டேபை அது தூங்க வைக்கும், திரும்பப் போகும்போது பக்கம் புதிதாக லோட் ஆகும், அதனால் படிவம் நிரப்பும் தளங்களை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் 105க்கு முந்தைய பதிப்பில் இருந்தால் முதலில் அப்டேட் செய்யுங்கள், விண்டோஸில் மெமரி குறையும்போது விழாமல் சமாளிப்பது அந்தப் பதிப்பில்தான் நன்றாக மேம்பட்டது. பழைய கணினி என்றால் பிரவுசர் 64 பிட்தானா என்று "அபவுட்" பக்கத்தில் பாருங்கள், 32 பிட் என்றால் 16 ஜிபி ரேம் இருந்தாலும் ஒரு ப்ராசஸ் 4 ஜிபியைத் தாண்டாது.

இத்தனைக்கும் பிறகும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு தளத்தில், "ஸ்டேட்டஸ் ஆக்ஸஸ் வயலேஷன்" என்று விழுகிறது, மற்ற புரோகிராம்களும் அவ்வப்போது விழுகின்றன என்றால் ரேமே பழுதாகியிருக்கலாம். ஸ்டார்ட்டில் "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" என்று தேடி ஓடவிடுங்கள், ரீஸ்டார்ட் ஆகித்தான் சோதிக்கும், திறந்த வேலையைச் சேவ் செய்துவிடுங்கள். பிழை காட்டினால், இரண்டு ரேம் இருக்கும் கணினியில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள், அப்புறம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். எதைப் போட்டால் விழுகிறதோ, அதை மட்டும் மாற்றினால் போதும்.