பணி நிறைவுக்குப் பின்னும் கல்லூரியோடு தொடர்பில் இருக்க

பாராட்டு விழா முடிந்து பொன்னாடையோடு வீடு திரும்பிய பேராசிரியருக்குக் கல்லூரியோடு இருந்த தொடர்பு பெரும்பாலும் முதல் மாதத்திலேயே அறுந்துவிடுகிறது. மின்னஞ்சல் முடங்கும். நூலக அட்டை செல்லாது. துறையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து பெயர் எடுக்கப்படும். வாயிலில் புதிதாக வந்த காவலர் "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்பார். இதையெல்லாம் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அலுவலக நடைமுறை அப்படி. அதனால்தான் ஏற்பாட்டைப் பணியின் கடைசி ஓராண்டிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் மின்னஞ்சல். ஆய்வாளர் அடையாள எண் தரும் ஆர்சிட், கட்டுரைகளைப் பட்டியலிடும் கூகுள் ஸ்காலர், இந்தியப் பேராசிரியர்களின் விவரத்தளமான வித்வான் ஆகிய மூன்றிலும் சொந்த மின்னஞ்சலைச் சேர்த்து, அதையே முதன்மை முகவரியாக்குங்கள். ஆர்சிட்டில் ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று முகவரிகள் வைத்துக்கொள்ளலாம். கல்லூரி முகவரி ஒன்றை மட்டும் கொடுத்திருந்தால், அது முடங்கிய பிறகு கடவுச்சொல்லைக்கூட மாற்ற முடியாது. கல்லூரிக் கணக்கிலேயே ஸ்காலர் பக்கத்தை உருவாக்கியிருந்தால், அந்தக் கணக்கு உயிரோடு இருக்கும்போதே அதைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கல்லூரி மின்னஞ்சல் கூகுளில் இருந்தால், பழைய மடல்களைக் கூகுள் டேக்அவுட் என்ற பதிவிறக்க வசதி வழியாக இறக்கலாம். பதிவிறக்க இணைப்பு ஒரு வாரம்தான் செல்லும், வந்த அன்றே எடுத்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியல், வினாத்தாள் வரைவு, மாணவர்களின் சொந்த விவரங்கள் உங்களோடு வரக்கூடாதவை. அவற்றைத் துறைத்தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு உங்கள் பிரதியை அழித்துவிடுங்கள்.

அடுத்தது ஆய்வு மாணவர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைப்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. ஏற்கெனவே பதிந்தவர்களை ஓய்வு பெறும் வரை நெறிப்படுத்தலாம். அதன் பிறகு இணை நெறியாளராகத் தொடரலாம், அதுவும் 70 வயது வரைதான். இங்கே பலர் இடறுவது காகிதத்தில். நெறியாளர் மாற்றக் கடிதம் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் கிடந்தால், ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளில் தவிப்பது மாணவர்தான். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே புதிய நெறியாளரிடம் பேசி, கடிதத்தில் கையெழுத்து வாங்கி, அது பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததற்கான நகலை மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நூலகத்தில் 'நிலுவை இல்லை' சான்று வாங்கும் அதே நாளில், ஓய்வுபெற்றோர் உறுப்பினராக முடியுமா என்றும் கேளுங்கள். பல கல்லூரிகளில் வைப்புத்தொகை கட்டினால் புத்தகம் எடுக்க விடுவார்கள், சில இடங்களில் உட்கார்ந்து படிக்க மட்டும். மின்னிதழ்கள் வீட்டிலிருந்து திறக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். பழைய பதவியை நம்பிப் போனால் இரண்டு தடவை தேநீர் கிடைக்கும். கையில் ஒரு வேலையோடு போனால் மூன்றாம் தடவையும் நாற்காலி இருக்கும். அந்த வேலை சிறியதாக, நாளும் நேரமும் முடிவு தேதியும் உள்ளதாக இருக்க வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள். துறைத்தலைவர் பெயருக்குக் கல்லூரி முதல்வர் வழியாக இப்படி ஒரு கடிதம் போதும்:

"ஆகஸ்ட் முதல் வாரம் தொடங்கி செப்டம்பர் இறுதி வரை, செவ்வாய்தோறும் காலை 11 முதல் 12 வரை, முதுகலை இறுதியாண்டு மாணவர்களின் திட்டக் கட்டுரை வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்ல விரும்புகிறேன். வாரம் நான்கு மாணவர்கள். ஊதியம் வேண்டாம். துறை நூலகத்தில் ஒரு மேசை போதும்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜூனில் போகாதீர்கள். அது சேர்க்கைக் காலம், துறையில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. நவம்பரும் ஏப்ரலும் தேர்வு மாதங்கள். ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரையும், ஜனவரி, பிப்ரவரியும்தான் தோதானவை. நேரத்தை முடிவு செய்யும்போது பேருந்தையும் கணக்கில் எடுங்கள். ஒடுகத்தூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வேலூருக்கு வரும் மாணவர் கடைசி வகுப்பு முடிந்ததும் பேருந்து நிலையத்துக்கு ஓடுவார். மாலை 4 மணி வகுப்பு என்றால், ஆர்வம் இருந்தும் வர முடியாது. ஷிப்ட் முறை உள்ள கல்லூரியில் இரண்டு ஷிப்டுக்கும் நடுவே உள்ள இடைவேளைதான் வசதி.

கௌரவ விரிவுரையாளர் இடத்துக்கு மட்டும் போட்டியிடாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. நெட், செட் எனும் விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளை முடித்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகளின் வாழ்வாதாரம் அது. ஓய்வூதியம் வாங்குபவர் அந்த மணி நேரங்களை எடுத்துக்கொண்டால், துறையில் இருப்பவர்களின் மனமும் விலகிவிடும். வாய்மொழித் தேர்வுக்கு ஒத்திகை, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதப் பழக்குவது, உதவித்தொகைப் படிவத்தில் ஆதாரில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கொடுப்பது இவையெல்லாம் ஆளில்லாமல் கிடக்கும் வேலைகள். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் பணம் வராமல் நிற்கும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள்.

நீங்கள் வேலை செய்த கல்லூரிதான் வேண்டும் என்பதில்லை. வேலூரில் ஊரிசு, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, டி.கே.எம்., காட்பாடியில் ஆக்சீலியம், மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம், வாணியம்பாடியில் இஸ்லாமியா, திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி என எல்லாமே சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதும் இந்தப் பிணைப்பு மாறவில்லை. வேலூரில் பாடம் நடத்திவிட்டு வாணியம்பாடியில் குடியிருப்பவர், வெயிலில் வேலூருக்கு அலைவதைவிடப் பக்கத்துக் கல்லூரியில் அதே துறையைத் தேடிப் போகலாம். படித்த கல்லூரி என்றால் இன்னொரு வழியும் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் முன்னாள் மாணவர் ஒருவருக்கு இடம் இருக்கிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கும் மதிப்பெண் உண்டு. எனவே கல்லூரியின் உள்தர உறுதிக் குழு (ஐக்யூஏசி) ஒருங்கிணைப்பாளர் உங்களை மகிழ்ச்சியோடு வரவேற்பார்.

ஓய்வுபெற்றவர்களுக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கினால் இரண்டாகத் தொடங்குங்கள். ஒன்று அறிவிப்புக்கு, அதில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி போடும்படி குழு அமைப்பில் மாற்றிவிடுங்கள். மற்றது பேச்சுக்கு. ஒரே குழுவாக இருந்தால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் இரங்கல் செய்தி புதைந்துபோகும், இறுதி மரியாதைக்குப் போக வேண்டியவர் மறுநாள்தான் பார்ப்பார். கல்லூரியின் முன்னாள் முதல்வர் பெயரில் அவசரமாகப் பணம் கேட்டோ, செயலியை நிறுவும் ஏபிகே கோப்போடோ செய்தி வந்தால், தொடாமல் அவரையே தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும் என்பதைக் குழு விளக்கத்திலேயே எழுதி வையுங்கள். சங்கமாகப் பதிய வேண்டுமானால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது 7 பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம்.

அறக்கட்டளைப் பரிசு வைக்க நினைப்பவர் முதலில் கணக்குப் போடுங்கள். 1,00,000 ரூபாயை 6.5 சதவீத வட்டியில் போட்டால் ஆண்டுக்கு 6,500 ரூபாய். "ஆண்டுதோறும் 10,000 ரூபாய்" என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் முதல் ஆண்டே அசலில் கை வைக்க வேண்டியிருக்கும். தொகையைக் குறிக்காமல் "அவ்வாண்டு கிடைக்கும் வட்டி" என்று எழுதுங்கள். நன்கொடைக்கு வருமான வரி விலக்கு எதிர்பார்த்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தவருக்கு அந்த விலக்கே கிடையாது.

மற்ற எவராலும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு, அதைத் தள்ளிப்போடாதீர்கள். துறைப் பீரோவில் கிடக்கும் பழைய குழுப் படங்களில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்ல உங்கள் தலைமுறைக்குத்தான் தெரியும். வாரம் ஐந்து படங்கள் போதும். படத்தை 600 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்து, டிஃப் கோப்பாக ஒன்றும் அனுப்புவதற்கு ஜேபெக் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். மூலப்படத்தின் மேல் எதுவும் எழுதக்கூடாது. சாதாரணத் தாளில் ஒரு நகல் எடுத்து, அதில் ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, "அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம்", "நிற்பவர்கள் முதல் வரிசை" என்று பெயர்களை எழுதுங்கள். பின்புறம் எழுதியே ஆக வேண்டுமென்றால் 2பி பென்சிலால், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனாவின் தடம் முன்பக்கம் புடைக்கும், மை அடுத்த படத்தில் ஒட்டும். பிளாஸ்டிக் பூசிய பிந்தைய காலப் படங்களில் பென்சில் பிடிக்காது, அவற்றைக் காகித உறையிலிட்டு உறையின் மேல் எழுதலாம். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. மேற்குச் சுவரோடு ஒட்டிய இரும்புப் பீரோவும் வேண்டாம், வேலூர் வெயிலில் மாலை வரை அது அடுப்பாகக் கொதிக்கும்.

படத்தின் ஓரத்தில் நிற்கும் அலுவலக உதவியாளர், ஆய்வக உதவியாளர், தோட்டக்காரர் பெயர்களை விட்டுவிடாதீர்கள். அச்சடித்த பட்டியல்களில் அவர்கள் பெயரே இருப்பதில்லை. நினைவுக்கு வராத முகத்துக்கு நேரே கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். ஓய்வுபெற்றோர் கூடும் அடுத்த நாளில் அந்த நகலை நடுமேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு பென்சிலையும் வையுங்கள்.