இயோஸ் கன்சோலில் தாறுமாறாக மின்னும் விளக்குகள்

மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் இடிசி நிறுவனத்தின் இயோஸ் கன்சோலில் விளக்குகள் முறையின்றி மின்ன வேண்டுமானால், எஃபெக்ட் (ஒளி விளைவு) பட்டியலில் புதிய எண்ணொன்றைத் திறந்து, அதன் வகையாக ‘ஸ்டெப்’ (படி) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளக்குக்கு ஒன்றாகப் படிகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சேனலை, அதாவது கன்சோலில் அந்த விளக்கைக் குறிக்கும் எண்ணை, ஒதுக்கவும். ஒளி ஏறும் நேரத்தை 0 என்றும், நிற்கும் நேரத்தை 0.1 வினாடி என்றும் வைத்து, இறங்கும் நேரத்தை மட்டும் 0.3 வரை நீட்டினால், எல்இடி விளக்கு வெடுக்கென்று அணையாமல், கேமரா ஃபிளாஷின் சாயலைப் பெறும். டங்ஸ்டன் விளக்கின் இழை இந்த வேகத்தில் சூடேறாது. அதற்கு நிற்கும் நேரத்தைக் கூட்டியே ஆக வேண்டும்.

அடுத்து, பண்புகளில் ‘ரேண்டம் குரூப்டு’ என்பதை இயக்கினால் வரிசை கலையும். ஆயினும் தாளம் ஒரே சீராக இருந்தால் பார்ப்பவர் கண் அதை எளிதில் பிடித்துவிடும் என்பதால், வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் ‘ரேண்டம் ரேட்’டையும் சேர்ப்பதே நல்லது. ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்கள் அரங்கில் இருக்கக்கூடும். ஆகவே விளக்குகள் வினாடிக்கு 4 முறைக்கு மேல் மின்னாதவாறு, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லும் நேரத்தை வைக்கவும்.