டிசம்பரில் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மலை ஏறப் போகிறவர்களுக்கு

எங்கள் மான்செஸ்டர் நடைக்குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஜீன்ஸா போட்டிருக்கீங்க?" என்றுதான். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன், அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற கதகதப்பு மேலாடை, எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு. நடை தொடங்கும் ஈடேல் ஸ்டேஷனில் இறங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லையா, ஒன்றைக் கழற்றிப் பையில் வையுங்கள். ஜேக்கப்ஸ் லேடர் என்கிற செங்குத்தான கற்பாதை ஏற்றத்தில் வியர்த்துவிட்டால், மேலே காற்று பட்டதும் அந்த ஈரமே நடுங்க வைக்கும்.

உச்சி 636 மீட்டர்தானே என்று சிரிக்காதீர்கள். மேலே அகலமான மேட்டுநிலம்; கரிய சேறும் பள்ளங்களும். மூடுபனி இறங்கினால் எந்தத் திசையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். தலைவிளக்கு இல்லாதவரை நான் அழைத்துப்போக மாட்டேன்.

குழுவின் கடைசியில் வருகிறவர் உங்களை முந்திப் போக விடாதீர்கள். ஒதுங்கப் போனால் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆபத்தென்றால் ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. சிக்னல் கிடைத்தால் அவசர எண் 999-ஐ அழைத்து, போலீஸ் வழியாக மலை மீட்புக் குழுவைக் கேளுங்கள்.

சாப்பிட உட்கார்ந்ததும், குளிரும்வரை காத்திராமல் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ, இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி. சேற்று பூட்ஸுக்கு ஒரு பிளாஸ்டிக் பையும் வேண்டும், திரும்பும் ரயிலில் கூட்டம் இருக்கும்.