நீதித்துறைப் பாடம்: முன்சீப் கோர்ட்டிலிருந்து தொடங்குங்கள்

டி.என்.பி.எஸ்.சி.க்குப் புதிதாகப் படிப்பவர்கள் நீதித்துறை என்றதும் அரசியலமைப்பில் உச்ச நீதிமன்றம் பற்றிய பிரிவு 124-ஐத் திறந்துவைத்து உருப்போட ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். கீழமை நீதிமன்றங்களுக்கு வருவதற்குள் பொறுமை போய்விடும். அதனால் கீழேயிருந்து மேலே படியுங்கள்.

படி 1: ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்

மதுரைப் பக்கம் ஒரு வரப்புத் தகராறு என்று வைத்துக்கொள்வோம். சொத்தின் மதிப்பு குறைவு என்பதால் வழக்கு மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகிறது. ஊரில் முன்சீப் கோர்ட் என்பார்களே, அதுதான். தோற்றவர் சார்பு நீதிமன்றத்தில், அதாவது சப் கோர்ட்டில், முதல் மேல்முறையீடு செய்கிறார். அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடு. அங்கே சாட்சி சொன்னது நிஜமா என்று பொதுவாக மறுபடி கிளற மாட்டார்கள். முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தாக வேண்டும். அதற்கும் மேலே டெல்லி, அதாவது உச்ச நீதிமன்றம் என்றால் பிரிவு 136-ன் கீழ் சிறப்பு அனுமதி மனு. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், அது அனுமதி கேட்பதுதான்.

படி 2: குற்றவியல் ஏணி

நீதித்துறை நடுவர், தலைமை நீதித்துறை நடுவர், அமர்வு நீதிமன்றம். அமர்வு நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தால் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்த பிறகே நிறைவேற்ற முடியும். பழைய நோட்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பெருநகர நடுவர், உதவி அமர்வு நீதிபதி என்ற பதவிகள் கிடையாது.

படி 3: யார் நியமிக்கிறார்?

மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். மாவட்ட நீதிபதியை ஆளுநர் உயர் நீதிமன்றத்தைக் கலந்தாலோசித்து நியமிக்கிறார் (பிரிவு 233). இதைப் படித்த சூட்டோடு, ஒரு மாதிரித் தேர்வில் உயர் நீதிமன்ற நீதிபதியையும் ஆளுநரே நியமிப்பதாகக் குறித்துவிட்டு வந்தேன். அவரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். பதவிப் பிரமாணம் மட்டும் ஆளுநர் முன்னிலையில். ராஜினாமா கடிதம் மறுபடி குடியரசுத் தலைவருக்கு.

சம்பளத்திலும் இதே குழப்பம். உயர் நீதிமன்ற நீதிபதியின் சம்பளம் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து, ஓய்வூதியமோ இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையை நாடாளுமன்றம் முடிவு செய்கிறது. 2019-ல் அது தலைமை நீதிபதியோடு சேர்த்து 34 ஆனது. உயர் நீதிமன்றத்துக்கு அதை முடிவு செய்பவர் குடியரசுத் தலைவர். ஓய்வு வயது உச்ச நீதிமன்றத்தில் 65, உயர் நீதிமன்றத்தில் 62. இவற்றை ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி வையுங்கள். தனித்தனியாகப் படித்தால் கலந்துவிடும்.

படி 4: நீதிப்பேராணைகள்

உரிமையைக் காக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணைகள், அதாவது ரிட். ஐந்து வகைகளையும் எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கேள்வி வருவது 32-க்கும் 226-க்கும் உள்ள வித்தியாசத்தில். உச்ச நீதிமன்றத்துக்கான பிரிவு 32 அடிப்படை உரிமைகளுக்கு மட்டும். உயர் நீதிமன்றத்துக்கான 226 மற்ற சட்ட உரிமைகளுக்கும் சேர்த்து. ஆக, இந்த ஒரு விஷயத்தில் உயர் நீதிமன்றத்தின் கைதான் நீளம்.

படி 5: வரலாறு

அரை மணி நேரம் போதும். 1861-ன் இந்திய உயர் நீதிமன்றங்கள் சட்டம், 1862-ல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் உயர் நீதிமன்றங்கள், 1937-ல் கூட்டாட்சி நீதிமன்றம், 28.1.1950 உச்ச நீதிமன்றம், 2004-ல் மதுரைக் கிளை.

படி 6: ஒரு தீர்ப்பின் முதல் பக்கம்

இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மதுரைக் கிளையின் இரண்டாம் மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்றைத் திறந்து முதல் பக்கத்தை மட்டும் படியுங்கள். மேலே எஸ்.ஏ. என்று தொடங்கும் எண் இருக்கும்; அது இரண்டாம் மேல்முறையீடு. கொஞ்சம் கீழே, சப் கோர்ட்டின் ஏ.எஸ். எண். அதற்கும் கீழே, முன்சீப் கோர்ட்டில் முதலில் போட்ட வழக்கின் ஓ.எஸ். எண். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆண்டு இருக்கும். அசல் வழக்கின் ஆண்டையும் தீர்ப்புத் தேதியையும் கழித்துப் பாருங்கள். அப்புறம் படி 1-ஐப் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுங்கள்.