மூட்டுத் தேய்மானத்தை மரபணு அளவில் ஆராய்வது எப்படி? தொடக்கநிலைச் செய்முறை

மூட்டு இடைவெளி குறைந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரியும். ஆனால் குருத்தெலும்புக்குள் இருக்கும் செல்கள் என்ன செய்கின்றன என்பது அதில் தெரியாது. எந்த மரபணு கூடுதலாக இயங்குகிறது, எது அடங்கிவிட்டது என்று ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேர அளப்பதுதான் மூலக்கூறு புரொஃபைலிங். பொதுவில் கிடைக்கும் தரவும் 'ஆர்' (R) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளும் இருந்தால் வீட்டிலிருந்தே பழகலாம்.

1. கேள்வியைக் குறுக்குங்கள். "முழங்கால் குருத்தெலும்பில் தேய்ந்த பகுதியும் தேயாத பகுதியும் எதில் வேறுபடுகின்றன?" தொடங்க இது போதும்.

2. அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐ (NCBI) நடத்தும் 'ஜியோ' (GEO) தரவுத்தளத்தில் ஆர்என்ஏ எண்ணிக்கை அட்டவணையைத் தேடி இறக்குங்கள். மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்தான் ஆர்என்ஏ; ஒவ்வொரு மாதிரியிலும் எந்த மரபணுவின் ஆர்என்ஏ எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பதை இந்த அட்டவணை சொல்லும். மூட்டு மாற்று அறுவையின்போது ஒரே நோயாளியிடம் எடுத்த இரு பகுதிகளும் இருக்கும் தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். வயது, பாலினம், மருந்து என எல்லாமே இரண்டுக்கும் பொது என்பதால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

3. அப்புறம் மாதிரிகளைச் சோதியுங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிப்போவது இதைத்தான். குருத்தெலும்பில் செல்கள் மிகக் குறைவு. சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த புரதமான புரோட்டியோகிளைக்கன் நிறைந்திருப்பதால் ஆர்என்ஏவைப் பிரித்தெடுப்பதும் கடினம். குருத்தெலும்பின் முக்கியப் புரதங்களான கொலாஜன்-2, அக்ரிகன் ஆகியவற்றின் மரபணுக்கள் உயர்ந்திருக்கின்றனவா? ஹீமோகுளோபின் மரபணுக்கள் கூடியிருந்தால் ரத்தம் கலந்திருக்கலாம். 'ஆண்' என்று குறித்த மாதிரியில், பொதுவாகப் பெண்களின் செல்களில் இயங்கும் எக்ஸ்ஐஎஸ்டி (XIST) மரபணு உயர்ந்திருந்தால் பெயர்ச்சீட்டு மாறியிருக்கக்கூடும். ஒன்றுபோல் இருக்கும் மாதிரிகளை அருகருகே புள்ளிகளாகக் காட்டும் பிசிஏ (PCA) வரைபடமும் போட்டுப் பாருங்கள். மாதிரிகள் நோய்நிலைப்படி பிரியாமல் ஆய்வகத் தேதிப்படி பிரிந்தால் அங்கேயே நின்று காரணம் தேடுங்கள்.

4. சரி, இனி ஒப்பிடலாம். எண்ணிக்கைகளை ஒப்பிட ஆரில் இருக்கும் 'டிஈசீக்2' (DESeq2) நிரல்தொகுப்பில், எவற்றின் விளைவைக் கணக்கில் எடுப்பது என்று சொல்லும் வடிவமைப்புச் சூத்திரம் "~ நோயாளி + பகுதி" என்று இருக்கட்டும். 'நோயாளி'யை விட்டுவிட்டால் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு நோயின் வேறுபாட்டை மறைத்துவிடும்.

5. திருத்திய பி-மதிப்பு (ஆயிரக்கணக்கான மரபணுக்களைச் சோதிக்கும்போது தற்செயலாக வரும் முடிவுகளுக்காகச் சரிசெய்த மதிப்பு) 0.05-க்குக் கீழே உள்ள மரபணுக்களை எடுங்கள். மாற்றத்தின் அளவு 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையில் (லாக்2) வரும்; லாக்2 மாற்றம் 1 என்றால் இரண்டு மடங்கு. கொலாஜன்-2-ஐ வெட்டும் எம்எம்பி-13 நொதியின் மரபணு பட்டியலில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

முடக்குவாத மூட்டுச் சவ்வுக்கும் இதே வழிதான். ஆனால் அங்கே நோயெதிர்ப்பு செல்களான டி செல்கள் கூட்டமாக வந்து சேர்ந்தாலே அவற்றின் மரபணுக்கள் உயர்ந்ததுபோல் தெரியும்; ஒவ்வொரு செல்லும் மாறிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. எது நடந்தது என்று பிரித்தறிய ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்கும் ஒற்றைச் செல் ஆர்என்ஏ தரவு வேண்டும்.