முதல் தயாரிப்பு: நெறியாள்கை மாணவருக்கு ஆறு வாரக் கையேடு

நாடகப் பள்ளியில் நெறியாள்கை படிக்க வருபவர்களில் பலர் ஏற்கெனவே நடித்துப் பழகியவர்கள். நடிகரிடம் எப்படிப் பேசுவது என்று ஓரளவு தெரிந்திருக்கும். அவர்கள் திணறுவது வேறு இடத்தில். ஹால் மூன்று நாள்தான் கிடைக்கும். அதில் அரை நாள் எந்த பிளக்கில் எந்த லைட் என்று தேடுவதிலேயே போய்விடும். ஒத்திகை அறையில் நன்றாக வந்த காட்சி மேடையில் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே இந்தக் கையேட்டில் கலைப்பேச்சு குறைவு, டேப்பும் பென்சிலும் அதிகம்.

எங்கே படிப்பது

டெல்லி தேசியநாடகப் பள்ளி 1959-இல் தொடங்கியது. மூன்றாண்டுப் பட்டயம். முதலாண்டு எல்லோருக்கும் பொது. பிறகுதான் நடிப்பு ஒரு பக்கம், வடிவமைப்பும் நெறியாள்கையும் ஒரு பக்கம் என்று பிரியும். பட்டம் வேண்டும், ஆறு நாடகங்களிலாவது பங்கேற்றிருக்க வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் புழங்கத் தெரிய வேண்டும். நம்மூர் மாணவர்கள் சறுக்குவது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். விண்ணப்பம் போடும் நாளிலிருந்து இந்தி வசனம் வாசித்துப் பழகுங்கள். நேர்முகத் தேர்வுக்கு முந்தைய வாரம் தொடங்கினால் போதாது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி, கர்நாடகத்தில் ஹெக்கோடு நீநாசம், மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் என்று வேறு வழிகளும் உண்டு. எங்கே போனாலும் சீனியர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவர் எத்தனை நாடகத்துக்கு மேடை நிர்வாகியாக உட்காருவார்? பதில் ஒன்றுகூட இல்லை என்றால் யோசியுங்கள்.

பிரதி

முதல் தயாரிப்புக்கு 45 முதல் 60 நிமிடம், நான்கைந்து நடிகர்கள், ஒரே இடம். இதற்கு மேல் ஆசை வேண்டாம். பன்னிரண்டு பேர் நாடகம் எடுத்தால், ஒத்திகைக்கு வராதவரைத் தேடுவதே உங்கள் நெறியாள்கைப் பயிற்சியாக இருக்கும்.

உரிமையை முதல் வாரமே பாருங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை இருக்கும். 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை யாரும் எடுக்கலாம். செகாவ் 1904-இல் மறைந்தவர்; அவருடைய மூலமும் பொதுச்சொத்துதான். ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, மொழிபெயர்த்தவர் நேற்றுக்கூட மொழிபெயர்த்திருக்கலாம். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

பிரதியை மூன்று முறை வாசித்தபின் அலகுகளாக உடைக்க வேண்டும். ஒருவர் உள்ளே வருவது, வெளியே போவது, பேச்சின் நோக்கம் மாறுவது, இவை ஒவ்வொன்றும் ஒரு கோடு. ஒரு மணி நேர நாடகத்தில் 25 முதல் 30 அலகு வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, அதுவும் வினையோடு: ‘மகன் பணம் கேட்கிறான்’, ‘அம்மா பேச்சை மாற்றுகிறாள்’. ‘சோகம்’, ‘பாசம்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். சோகத்தை யாராலும் நடிக்க முடியாது. பேச்சை மாற்றுவதை நடிக்க முடியும்.

தாளிலும் தரையிலும்

ஹாலுக்கு டேப்போடு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து வாருங்கள். மேடையின் அகலம், ஆழம், விங் (மேடையின் இரு ஓரத்து மறைவிடம்) இடைவெளி, லைட் தொங்கும் குழாயின் உயரம், பிளக் பாயின்ட் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஆம்ப். அலுவலகத்தில் தரும் பழைய வரைபடத்தை நம்ப வேண்டாம்.

தரைப்படத்தை, அதாவது மேடையை மேலிருந்து பார்த்த படத்தை, 1:50 அளவில் வரைந்தால் 10 மீட்டர் மேடை 20 சென்டிமீட்டராக ஏ4 தாளில் அடங்கும். செட்டின் மாதிரி செய்வது 1:25-இல். அதில் 165 செ.மீ. மனிதர் 6.6 செ.மீ. அட்டையில் அந்த உயரத்துக்கு ஒரு ஆளை வெட்டி நிறுத்துங்கள். ஆள் இல்லாத மாதிரியில் எல்லா செட்டும் அழகாகத்தான் தெரியும்.

பிறகு அதே படத்தை ஒத்திகை அறைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் முழு அளவில் ஒட்ட வேண்டும். முதலில் நடுக்கோடு, பிறகு அதிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து சுவர், கதவு, திண்ணை. அறை சிறியதென்றால் படத்தைச் சுருக்காதீர்கள். ஒரு ஓரத்தை வெட்டிவிட்டு மற்றதை உண்மை அளவில் வையுங்கள். சுருக்கி ஒட்டினால் மூன்று எட்டில் கடந்த இடத்தை மேடையில் ஐந்து எட்டில் கடக்க வேண்டி வரும். வசனம் முடிந்த பிறகும் நடிகர் நடந்துகொண்டே இருப்பார்.

நடிகர்களைக் கூப்பிடும் முன், படத்தின் மேல் நாணயங்களை நகர்த்திப் பாருங்கள். ஐந்து ரூபாய் அம்மா, ஒரு ரூபாய் மகன். முன்வரிசை ஓர இருக்கையிலிருந்து ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் யார் யாரை மறைக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

ஒத்திகைக் கணக்கு

வாரம் ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், ஆறு வாரத்தில் 90 மணி. ஒரு மணி நேர நாடகத்துக்கு இது போதும், கறாராக நடத்தினால். முதல் வாரம் உட்கார்ந்து வாசிப்பு. இரண்டாவது வாரம் பிளாக்கிங், அதாவது யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று முடிவு செய்வது. மூன்றாவது வாரக் கடைசியில் பிரதி கையில் இருக்கக் கூடாது. இந்தத் தேதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான்காவது வாரம் அலகு அலகாகச் செதுக்கல், ஐந்தாவது வாரம் முழு ஓட்டம், ஆறாவது வாரம் ஹால். பொதுவாகச் சறுக்குவது நான்காவது வாரத்தில்: பிடித்த முதல் பத்து நிமிடத்தையே மெருகேற்றிக்கொண்டிருப்பார்கள், கடைசிக் காட்சியை நடிகர்கள் மொத்தமே ஐந்து தடவைதான் செய்திருப்பார்கள். அந்த வாரத்தைக் கடைசி அலகிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

நடித்துக் காட்டாதீர்கள். நடிகர் உங்களை நகலெடுப்பார், நகலில் உங்கள் கெட்ட பழக்கமும் சேர்ந்து வரும். ‘இன்னும் கோபமா’ என்பதும் உதவாது. குரல் மட்டும் ஏறும். ஒரு உதாரணம். அம்மா கடிதத்தை மகனிடம் கொடுக்கிறாள். காட்சி தட்டையாக இருக்கிறது. ‘அவன் அதைப் படிக்காம பையில வெச்சுக்கணும், அதுக்கு என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நடிகை கடிதத்தை இரண்டாக மடிப்பார், இன்னொருவர் அதன்மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக் கொடுப்பார். அதில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் வேலை.

பாத்திரத்தின் நுழைவு எப்படிச் செய்வது என்று குழம்பினால் ஒரு இரவு முழுக்கத் தெருக்கூத்து பாருங்கள். இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னே வேஷம் பாடி, கால் தெரிந்து, கிரீடம் தெரிந்து, கடைசியில்தான் முகம். ஒரே நொடியில் கதவைத் திறந்து ஆளை உள்ளே தள்ளிவிடுவதற்கு இன்னும் எத்தனை மாற்று இருக்கிறது என்பது புரியும்.

பிராம்ப்ட் புத்தகம்

தயாரிப்பில் ஒரே ஒரு பொருளைக் காப்பாற்ற முடியும் என்றால் இதைத்தான் காப்பாற்ற வேண்டும். மேடை நிர்வாகி வைத்திருக்கும் ரிங் ஃபைல். வலப்பக்கம் பிரதி, இடப்பக்கம் சின்னத் தரைப்படமும் அசைவுக் குறிப்பும். பென்சில் மட்டும், பேனாவால் எழுதியவரிடமிருந்து பேனாவைப் பிடுங்குங்கள். நடிகரின் முதலெழுத்து, அம்பு, எந்தச் சொல்லில் நகர்கிறார் என்பதற்குப் பிரதியிலும் படத்திலும் ஒரே எண். உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் இதை வைத்து இன்னொருவர் ஒத்திகை நடத்த முடிய வேண்டும்.

இடது, வலது எப்போதும் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகருடையது. தமிழில் ‘பின்மேடை’ என்றால் மேடையின் உட்பகுதியா, திரைக்குப் பின்னால் இருக்கும் இடமா என்ற குழப்பம் வரும். ‘உள்ளே போங்க’, ‘முன்னே வாங்க’ என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

லைட்டோ சவுண்டோ மாற வேண்டிய கணம்தான் க்யூ. அதில் தமிழில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. ‘ஒளி 7’, ‘ஒலி 7’ என்று எழுதினால் தாளில் அழகு, ஹெட்செட்டில் விபரீதம்: இருட்ட வேண்டிய நேரத்தில் இடி இடிக்கும். லைட்டுக்கு எண், சவுண்டுக்கு எழுத்து என்று பிரித்துவிடுங்கள். ‘லைட் 7’, ‘சவுண்ட் சி’. க்யூவுக்கு அரைப் பக்கம் முன்னால் மேடை நிர்வாகி ‘ஸ்டாண்ட்பை லைட் 7’ என்பார், லைட்டை இயக்குபவர் பதில் சொல்ல வேண்டும். சரியான சொல்லில் ‘லைட் 7, கோ’. எண் முதலில், கோ கடைசியில். அந்தச் சொல்லை வேறு எதற்கும் ஹெட்செட்டில் உச்சரிக்கக் கூடாது.

லைட்

முகம் தெரிவதற்கு லைட் ஏறத்தாழ 45 பாகையில், இரண்டு பக்கத்திலிருந்தும் விழ வேண்டும். ஒரு பக்கம் சற்றே வெதுவெதுப்பான நிறம், மறுபக்கம் குளிர்ந்த நிறம். யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லஸ் 1930-களில் வகுத்த முறை இது. கணக்கு எளிது. லைட் 5 மீட்டர் உயரத்தில், முகம் 1.6 மீட்டரில் என்றால் வித்தியாசம் 3.4, நடிகருக்கு 3.4 மீட்டர் முன்னால் குழாய் இருக்க வேண்டும். தலைக்கு நேர் மேலே தொங்கவிட்டால் கண்குழி இரண்டும் கறுப்பாகிவிடும். பல கல்லூரி மேடைகளில் குழாய் அங்கேதான் இருக்கும். பக்கவாட்டில் ஸ்டாண்ட் வைத்துச் சமாளியுங்கள்.

அடுத்து மின்கணக்கு. 1000 வாட் பார் லைட் 230 வோல்ட்டில் சுமார் 4.35 ஆம்ப் இழுக்கும். 15 ஆம்ப் பாயின்டில் மூன்று மாட்டலாம், நான்காவது மாட்டினால் மின்சாரம் போய்விடும். டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) என்றால் 10 ஆம்ப் சேனல் ஒன்றில் இரண்டு. எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சுருட்டிய நிலையிலேயே பயன்படுத்தினால் சூடேறி உருகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள். எல்ஈடி லைட்டுக்கு டிம்மர் வழியாக மின்சாரம் கொடுக்கக் கூடாது, மினுக்கும், போர்டு கெடும். நேரடி பாயின்டில் கொடுத்துக் கட்டுப்பாட்டுக் கேபிளால் இயக்குங்கள். தொங்கும் ஒவ்வொரு லைட்டுக்கும் கிளாம்ப் போக ஒரு பாதுகாப்புக் கம்பி.

ஹால் கிடைக்கும் மூன்று நாள்

முதல் நாள் காலை செட், லைட் மாட்டல். மதியம் ஃபோகஸ், அதாவது ஒவ்வொரு லைட்டையும் அது விழ வேண்டிய இடத்துக்குத் திருப்பி வைப்பது. மாலை நடிகர்கள் இல்லாமல் லைட் நிலைகளைப் போர்டில் பதிவது. இருக்கையில் நெறியாளர், போர்டில் ஆள், மேடையில் நடக்க யாராவது ஒருவர்.

இரண்டாம் நாள் க்யூவிலிருந்து க்யூவுக்குத் தாவும் ஒத்திகை. நடுவிலிருக்கும் வசனம் வேண்டாம். 40 க்யூ இருந்தால் நாலு மணி நேரம் ஆகும். அன்று நடிப்பைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசாதீர்கள். அது லைட், சவுண்ட் ஆட்களின் நாள். மூன்றாம் நாள் காலை உடை, ஒப்பனையோடு முழு ஓட்டம், என்ன நடந்தாலும் நிறுத்தாமல். மாலை நிகழ்ச்சி. ஓட்டத்துக்குப் பின் குறிப்பு 20 நிமிடம், அன்றே செயல்படுத்தக் கூடியவை மட்டும்.

இரண்டு விங்கிலும் பொருள் மேசை, அதாவது நடிகர்கள் மேடைக்கு எடுத்துப்போகும் பொருள்களுக்கு ஒரு மேசை, போடுங்கள். மேலே வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து அதைச் சுற்றிக் கோடு இழுத்துப் பெயர் எழுதிவிடுங்கள். செம்பு இருக்க வேண்டிய வட்டம் காலியாக இருந்தால், அம்மா தண்ணீர் கொடுக்கும் காட்சிக்கு முன்பே அது கண்ணில் பட்டுவிடும்.

போஸ்டர், அழைப்பிதழ் எல்லாம் வகுப்பில் யாராவது ஆர்வமுள்ளவரிடம் விட்டுவிடலாம்.

கலைப்பது

திரை விழுந்ததும் புகைப்படத்துக்கு ஓடாமல் முதலில் மேடையைக் கலையுங்கள். பொருள் மேசை, உடை, பிறகு செட், கடைசியாக லைட். விளக்குகள் கால் மணி நேரம் ஆறட்டும், சூட்டில் அசைத்தால் பல்பு இழை அறுந்துபோகும். பலகையிலிருந்து ஆணியை அன்றே பிடுங்குங்கள். இரவல் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் டிக் போட்டு, மறுநாளே திருப்பிக் கொடுங்கள். அடுத்த பேட்சுக்கும் அதே வீட்டில்தான் ஊஞ்சல் கேட்க வேண்டியிருக்கும்.