எலிக் கூண்டில் எதிர்பாராத சினை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இரண்டும் பொட்டைதான், தைரியமாகக் கொண்டுபோங்கள்" என்று கடைக்காரர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்த வெள்ளை எலிக் குட்டிகளுக்குப் பொரி, கடலை என்று பெயர் வைத்தோம். ஒரு மாதம் கழித்து ஒருநாள் கடலை கூண்டுக் கம்பியில் தொற்றி ஏறியபோதுதான் அவன் வாலடியில் இருந்த விதைப்பை கண்ணில் பட்டது. வளர்ந்த ஆண் எலிக்கு அது அவ்வளவு பெரிதாக இருக்கும், கவனிக்காமல் விட்டதற்குச் சாக்கே கிடையாது. பொரியை மேலிருந்து பார்த்தால் பேரிக்காய் போல இருந்தாள்.

அன்று நாங்கள் செய்யவிருந்த தவறு இதுதான்: "ஆனது ஆகிவிட்டது, இனிமேல் பிரித்து என்ன பயன், குட்டி போடட்டும், அப்புறம் பார்க்கலாம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண் எலி குட்டி ஈன்ற 24 மணி நேரத்துக்குள்ளேயே மறுபடி சினைப்பருவத்துக்கு வந்துவிடும். ஆண் அதே கூண்டில் இருந்தால், முதல் ஈற்றுக் குட்டிகள் முலையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஈற்றைச் சுமக்கத் தொடங்கிவிடும். பாலும் கொடுத்து, கருவையும் வளர்த்து, தாய் எலும்பும் தோலுமாகிவிடும். போதாக்குறைக்கு, பால் கொடுக்கும் காலத்தில் கரு பதிவது தள்ளிப்போகும் என்பதால், இந்த இரண்டாவது சினைக்கு நாள் கணக்கும் சரியாக நிற்காது. ஆகவே சந்தேகம் வந்த அந்த நிமிடமே பிரிக்க வேண்டும். பிரித்த தேதியை நாட்காட்டியில் குறிக்க வேண்டும்.

அந்தத் தேதிதான் மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரம். எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். மார்ச் 3 அன்று பிரித்தீர்கள் என்றால் 26 வரை காத்திருங்கள். அதுவரை குட்டி வரவில்லையென்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். வயிறு தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. நன்றாகத் தின்று கொழுத்த எலிக்கும் வயிறு உருண்டுதான் இருக்கும். கையால் அழுத்திக் குட்டி தட்டுப்படுகிறதா என்று தேடுவது ஆபத்து, அது மருத்துவரின் வேலை. நாம் பார்க்கக்கூடிய குறி ஒன்று உண்டு. பெண் எலி நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அப்போது முதுகைத் தடவினால் உடலை வளைத்துக் காதுகளை வெடவெடவென நடுக்கும். பிரித்த பிறகு இதை மறுபடி மறுபடி பார்த்தால், சினை பிடித்திருக்க வாய்ப்பு குறைவு.

"அண்ணன் தங்கைதானே" என்று சேர்த்து விடுகிறவர்களை என்ன சொல்வது! எலிக்கு உறவுமுறை தெரியாது. "ஐந்து நிமிடம் விளையாடட்டும்" என்பதும் அப்படித்தான்: இணைசேர்க்கைக்குச் சில விநாடிகள் போதும், கூண்டுக் கம்பி இடையில் இருந்தாலும் நடந்துவிடலாம். ஆணுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்த பிறகும் சில வாரங்களுக்கு அவனால் சினைப்படுத்த முடியும். மருத்துவர் சொல்லும்வரை தனிக் கூண்டுதான்.

இனி நம் ஊர் வைத்தியம். பப்பாளி கொடு, எள் கொடு, கலைந்துவிடும் என்று சொல்ல வீட்டுக்கு ஒருவர் இருப்பார். பழுத்த பப்பாளித் துண்டை எலி மகிழ்ச்சியாகத் தின்னும், அவ்வளவுதான் நடக்கும். அதைவிடக் கொடிய தவறு, மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுப்பது. கால் கிலோ எடையுள்ள உயிருக்கு அளவு பார்ப்பது யார்? குட்டிகள் வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும். கருப்பையையும் சூலகத்தையும் எடுக்கும் அறுவை சிகிச்சையால் சினையும் முடியும், பின்னாளைய கவலையும் தீரும். மயக்க மருந்தின் அபாயம் உண்டு, நாள் ஏற ஏற அது கூடும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் எலி பார்ப்பதில்லை என்பதால் முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஐந்து வாரக் குட்டியே சினையாகிவிட்டது என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

ஈனப்போகும் எலியைப் பல தட்டு உள்ள உயரமான கூண்டில் வைக்காதீர்கள். குட்டிகள் சுண்டுவிரல் அளவுதான், கம்பி இடைவெளி வழியாக விழுந்துவிடும். மெத்தென்று இருக்கட்டும் என்று பஞ்சையும் நூல் பிரியும் பழந்துணியையும் போடுவது அன்பினால் செய்யும் தவறு: நூல் காலில் சுற்றி இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். பைன், தேவதாரு மரச்சீவலின் நெடி நுரையீரலுக்கு ஆகாது. மை இல்லாத காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள், கூடு கட்டுவதைத் தாய் பார்த்துக்கொள்ளும். வழக்கமான தீனியோடு கொஞ்சம் அவித்த முட்டை, வெந்த கோழி. சீமந்த விருந்தெல்லாம் வேண்டாம்.

பிரசவத்தின்போது எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் முக்கியும் குட்டி வரவில்லை, ரத்தம் நிற்காமல் போகிறது, தாய் துவண்டு கிடக்கிறது என்றால் மறுநாள் காலை வரை பொறுக்காதீர்கள். பிறந்த குட்டிக்குப் பசும்பால் சொட்டுவிடும் அவசரமும் கூடாது. அதன் தோல் கண்ணாடி போல இருக்கும். வயிற்றில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் தாய்ப்பால் கிடைத்துவிட்டது என்று பொருள். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பேச்சு, கைபழகிய எலிக்குப் பொருந்தாது. பொரி தானே நகர்ந்து எங்களுக்கு வழிவிட்டாள்.

பிறந்தவை ஒன்பது. அடுத்த கண்டம் 35ஆம் நாள். ஐந்து வாரத்தில் ஆண் குட்டி தன் தங்கையையும், தாயையும்கூடச் சினையாக்கக்கூடும் என்பதால், அதற்குள் ஆண்களைத் தனியே எடுத்துவிட வேண்டும். அப்போது ஆண் பெண் தெரியவில்லை என்று திண்டாடாமல் இருக்க, பத்தாம் நாள் வாக்கில், உரோமம் அடர்வதற்கு முன்பே புரட்டிப் பாருங்கள். பெண்ணுக்கு வயிற்றில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு முலைக்காம்புப் புள்ளிகள் தெரியும். ஆணுக்கு அவை இருக்காது, சிறுநீர்த் துவாரத்துக்கும் ஆசனவாய்க்கும் இடைவெளியும் அதிகம். ஒரு குட்டியை மட்டும் பார்த்தால் குழம்பும், இரண்டை அருகருகே வைத்தால் பளிச்சென்று தெரியும். எங்களுக்கு ஐந்து பெண், நான்கு ஆண்.

யாரும் வாங்கவில்லையே என்று காலி மனையில் விட்டுவிட்டு வருவதைக் கருணை என்று நினைப்பவர்கள் உண்டு. கூண்டில் பிறந்த வெள்ளை எலி வெளியே ஒரு பகல் தாண்டுவதே அரிது. காக்கைக்கும் பூனைக்கும் அதைத் தேட வேண்டிய வேலையே இல்லை.

ஆறாவது வாரத்தில் அக்கா மகன் வந்து இரண்டு குட்டிகள் கேட்டான். பெட்டியில் போட்டுக் கொடுத்து, "இரண்டும் பொட்டைதான், தைரியமாகக் கொண்டுபோ" என்றேன். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, கொஞ்சம் புரட்டிக் காட்டுங்கள்" என்றான்.